கதவு தொறக்கற சீனை வெட்டின படம்

கொட்டகை வாசல்ல டிக்கெட் கிழிக்கற தொழில் இருக்கே, அதுல உள்ள போறவன் "சீக்கிரம் விடுய்யா"ன்னு திட்டுவான், வெளிய வர்றவன் "இதுக்கா காசு வாங்கினீங்க"ன்னு திட்டுவான், நடுவுல நிக்கறவனுக்குப் படத்தோட தலையும் தெரியாது வாலும் தெரியாது. பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், கல்யாணத்துல பந்தி விசாரிக்கறவர்னு ஊர்த் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கற அத்தனை பேரும் வாங்க, இப்படி உக்காருங்க. நீங்க எல்லாம் நம்ம கட்சி. உங்ககிட்டதான் இதைச் சொல்ல முடியும்.

எனக்குப் படிப்பு மூணாங்கிளாஸோட சரி. வாய் மட்டும் நிக்காது. யார் பேசினாலும் கொஞ்ச நேரம் காது குடுத்தேன்னா அவங்க குரல் எனக்கு வந்து ஒட்டிக்கும். அதுக்காகத்தான் மொதலாளி என்னை வச்சுக்கிட்டார். காலையில ஜட்கா வண்டியில தகரப் புனலோட ஏறி, மெயின்கார்டு கேட்லேர்ந்து பாலக்கரை வரைக்கும் நடிகருங்க குரல்ல பேசி ஆளைக் கூப்பிடணும். மத்தியானம் வந்து கேட்டுல நிக்கணும். எத்தனையோ படத்துக்குக் கத்தியிருக்கேன். தொண்டையில முள்ளு மாதிரி நிக்கறது ஒரே ஒரு படம்தான். பேரு வேண்டாம். "அந்தம்மா நடிச்சுதே, அந்தப் படம்"னாலே அப்போ திருச்சியில எல்லாருக்கும் தெரியும்.

தட்டிக்கு அந்தப் பக்கம்

எங்க கொட்டகையில ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். உள்ள நடுவுல மறைப்பு. வெளிய வாசல்லயும் மூங்கில் தட்டி வச்சு ரெண்டாப் பிரிச்சிருக்கும். ஆம்பளை கேட்டுல நான். பொம்பளை கேட்டுல சவரியம்மா. பாலக்கரைக்காரங்க, நெஞ்சுல சிலுவை, இடுப்புல வெத்தலைப் பை. அவங்க உக்காருன்னா உக்காரணும். கலெக்டர் சம்சாரமா இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு நாள் புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்துச்சு. பையன் பொண்ணோட கையை விடவே மாட்டேங்கறான். சவரியம்மா பொண்ணைப் பிடிச்சு அந்தப் பக்கம் இழுக்கறாங்க, இவன் இந்தப் பக்கம் இழுக்கறான். நான் நடுவுல கபடி நடுவர் மாதிரி நிக்கறேன். கடைசியில பையன் விட்டுட்டான். விட்டுட்டு, "படம் முடிஞ்சா இவளைத் திருப்பித் தந்துடுவீங்கள்ல?"ன்னு பாவமாக் கேட்டான். சவரியம்மா வெத்தலையை ஒரு கன்னத்துலேர்ந்து இன்னொரு கன்னத்துக்கு மாத்திக்கிட்டு சொன்னாங்க: "பாதி டிக்கெட்டை பத்திரமா வச்சுக்க தம்பி. அதைக் காட்டினாத்தான் பொண்ணு."

ரீல் அறுந்தா நான்

படம் ஓடறப்போ பிலிம் அறுந்துடும். அறுந்த அடுத்த நிமிஷம் தரை டிக்கெட்லேர்ந்து விசில் கெளம்பும், பெஞ்சுலேர்ந்து கடலைத் தோல் பறக்கும். மேல ஆப்பரேட்டர் காதர் பாய் ஜன்னல் வழியாத் தலையை நீட்டி, "டேய் வாயாடி, ஒட்டறேன், அதுவரைக்கும் பேசு!"ன்னு கத்துவார். நான் ஓடிப்போய் திரைக்கு முன்னாடி நின்னு, அறுந்த எடத்துலேர்ந்து மிச்ச சீனை நானே பேசிக் காட்டுவேன். கதாநாயகனும் நானே, வில்லனும் நானே, குறுக்கே வர்ற நாயும் நானே. எங்க கொட்டகையில இது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. வேற எங்கயும் இந்தக் கூத்து கெடையாது.

ஒரு தடவை அப்படிப் பேசிக்கிட்டிருக்கேன், பாய் ஒட்டிட்டார், படமும் வந்துடுச்சு. எனக்குப் பின்னாடி நிஜக் கதாநாயகன் வாயசைக்கறான். முன் வரிசையில ஒரு கட்டைவண்டிக்காரர் எழுந்து நின்னு மேல பாத்துக் கத்தினார்: "பாய், அதை அமத்துங்க! இவன் பேசறதே தேவலை!"

மஞ்சளும் சாணியும்

அந்தம்மா பெரிய நடிகை. மெட்ராஸ்ல மேடையில ஏத்தி மெடல் போட்டாங்க. அதுவரைக்கும் நடிச்சதெல்லாம் புருஷனைத் தவிர வேற நெனப்பே இல்லாத மகராசி வேஷம்தான். அவங்க படம் வந்தா எங்க வாசல்ல ஒட்டியிருக்கற போஸ்டருக்குப் பொம்பளைங்க மஞ்சள் குங்குமம் வச்சுட்டுத்தான் டிக்கெட்டே வாங்குவாங்க. போஸ்டர்ல நெத்தி எங்கே, பொட்டு எங்கேன்னு தெரியாது, அவ்வளவு குங்குமம்.

இந்தப் படத்துல அதே அந்தம்மா ஒரு கல்யாணமான டாக்டர் மேல பைத்தியமாப் போற பொண்ணா நடிச்சாங்க. படம் வந்த மொத வாரமே போஸ்டர் மேல சாணி விழுந்துச்சு. நான்தான் தெனம் வாளியும் தொடப்பமும் எடுத்துக்கிட்டு அந்தம்மா மூஞ்சியைக் கழுவி விடறது. ஒரு நாள் கையும் சாணியுமாப் பிடிச்சேன். பாத்தா, மெயின்கார்டு கேட்டுல பூ விக்கற கண்ணம்மா. போன படத்துக்கு ஒரு பந்து மல்லிகையை அதே மூஞ்சியில சொருகிட்டுப் போன ஆளு. "ஏங்க்கா இப்படி?"ன்னேன். கையை முந்தானையில தொடைச்சுக்கிட்டு சொல்லுச்சு: "நம்ம வீட்டுப் பொண்ணா நெனச்சேன் தம்பி. நம்ம வீட்டுப் பொண்ணு தப்பு பண்ணினா அடிக்க மாட்டோமா?"

ரெண்டு பக்கத்துச் சத்தம்

கதையைச் சொல்லிடறேன், இல்லைன்னா மேல புரியாது. காய்ச்சலுக்கு மருந்து குடுக்க வந்த டாக்டர் மேல பொண்ணுக்கு மனசு போயிடுது. அவருக்குப் பொஞ்சாதி இருக்கா, கொழந்தை இருக்கு. இவ கேக்கலை. அவர் வீட்டு எதுர்லயே போய் நிப்பா. அவர் தூக்கிப் போட்ட சிகரெட் அட்டையை எடுத்துத் தலைகாணிக்கு அடியில வச்சுக்குவா. அவரோட பொஞ்சாதி கட்டற மாதிரியே சேலை கட்டிக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு அந்தப் பொஞ்சாதி மாதிரியே பேசிப் பாப்பா. எனக்கே முதுகு சில்லுன்னு ஆயிடும், குரல் மாத்திப் பேசறது என் பொழைப்பாச்சே. கடைசியில பால்ல விஷத்தைக் கலந்துட்டு, குடிக்கற நேரத்துல தானே தட்டி விட்டுடறா. ஊரே துரத்துது. மழையில நடந்து அப்பா வீட்டுக்கு வர்றா. கதவு சாத்தியிருக்கு. "அப்பா... நான்தான்ப்பா"ங்கறா. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம் அப்பா கதவைத் தொறக்கறார். ஒரு வார்த்தை பேசலை. தோள்ல இருக்கற துண்டை எடுத்து அவ தலையைத் துவட்டி விடறார். திரையில 'வணக்கம்' விழுந்து படம் முடியுது.

ஆம்பளைப் பக்கம் படம் பூரா ஒரே கூச்சல். "கொல்லுங்கடா அவளை"ங்கறான் ஒருத்தன், "எனக்குக் காய்ச்சல்டி"ங்கறான் இன்னொருத்தன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கெடையாது. கொழந்தைங்க கூட அழலை. "என்னக்கா, பொம்பளைங்க எல்லாம் தூங்கிட்டாங்களா?"ன்னு சவரியம்மாவைச் சீண்டினேன். அவங்க சிரிக்கலை. "தூங்கலடா. ஒவ்வொருத்தியும் அழறா. பக்கத்துல உக்காந்திருக்கறவ பாத்துட்டா என்ன நெனப்பாளோன்னு ஒருத்தியும் கண்ணைத் தொடைக்க மாட்டேங்கறா."

செவ்வாய்க்கிழமை மேட்னி

லால்குடி பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா, பேரு தனபாக்கியம், செவ்வாய்க்கிழமை தவறாம மேட்னிக்கு வரும். புருஷன் காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் கொண்டாருவார். மண்டியில வெலை பேசற வரைக்கும் சம்சாரத்தை எங்க விடறது? பொம்பளைங்க தனியா உக்கார்ற எடம், சவரியம்மா காவல், கொட்டகைதான் பத்திரம்னு கொண்டாந்து விட்டுட்டுப் போவார். அந்த நடிகை படம்னா நல்ல படம்னு அவருக்கு நெனப்பு. சினிமாவே பாக்காத மனுஷன், அவருக்கு சாணி விஷயம் எப்படித் தெரியும்?

"என்னம்மா, மறுபடியும் இதே படமா? டாக்டரு உங்களுக்கும் மருந்து குடுத்துட்டாரா?"ன்னு ஒரு நாள் கிண்டல் பண்ணினேன். சவரியம்மா என் கையைப் பிடிச்சு நறுக்குன்னு கிள்ளினாங்க. அப்புறம் தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாங்க. தனபாக்கியம் அம்மாவுக்கு ஒரே பொண்ணு, வசந்தா. ஊர்ல வாய்க்கால் வேலைக்கு வந்த ஓவர்சீர் பின்னாடி, அவனுக்குக் குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சே திருச்சிக்கு வந்துடுச்சு. அவன் வாசல்ல நின்னு நின்னு அடி வாங்கி, கடைசியில அவன் ஊர் மாறிப் போயிட்டான். இது இங்கயே ஒரு ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாத்துக்கிட்டு, சவரியம்மா தெருவுல ஒரு ரூம்ல கெடக்கு. அப்பா "எனக்குப் பொண்ணே இல்லை"ன்னு தலை முழுகிட்டார். அவர் பாத்துட்டா பெத்தவளையும் சேத்துத் துரத்திடுவார்னு பயம். அதனால செவ்வாய்க்கிழமை மேட்னியில, தட்டிக்கு அந்தப் பக்கம், ஆத்தாளும் மகளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் படத்தைப் பாப்பாங்க. சவரியம்மா ரெண்டு எடம் பிடிச்சு வச்சிருப்பாங்க.

தனபாக்கியம் அம்மாவுக்கு ஒரே ஒரு திட்டம். எப்படியாவது ஒரு செவ்வாய்க்கிழமை புருஷனையும் உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வச்சுடணும். அப்பா துண்டால தலை துவட்டற அந்த சீனை அவர் பாக்கணும். பாத்துட்டு வெளிய வந்து நிக்கறப்போ, தட்டிக்குப் பின்னாலேர்ந்து பொண்ணைக் கொண்டு போய் முன்னாடி நிறுத்திடணும். சேத்துக்குவாரா மாட்டாராங்கறது அந்த நிமிஷத்துல தெரிஞ்சுடும். "நீங்களே சொல்லிப் பாக்கலாமேம்மா?"ன்னேன். தலையை ஆட்டிட்டு சொல்லுச்சு: "நான் வாயைத் தொறந்தாலே அவர் எழுந்து போயிடுவாருப்பா. அந்த நடிகை அழுதா அவரால எழுந்து போக முடியாது."

ஜங்ஷன்ல

அந்த நேரத்துல நடிகையம்மா மதுரையிலேர்ந்து மெட்ராஸ் போற வழியில எங்க ஜங்ஷன்ல வண்டி நிக்கும்னு சேதி வந்துச்சு. மொதலாளி ரோஜா மாலையோட கெளம்பினார். மாலையைத் தூக்க நான். ஜன்னல் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. பவுடர் இல்லை, நகை இல்லை, எங்க தெருவுல இருக்கற டீச்சர் மாதிரி இருந்தாங்க. மாலையை மடியில வச்சுக்கிட்டு, "பொம்பளைங்க பக்கம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. மொதலாளி "ஓகோன்னு போவுதும்மா"ன்னு வசூல் சொல்ல ஆரம்பிச்சார். அவங்க என்னைப் பாத்தாங்க. "படம் பூரா சத்தமே இருக்காதும்மா. அப்பா கதவைத் தொறக்கறப்போ மட்டும் எல்லாரும் சேந்து மூச்சு விடற சத்தம் கேக்கும்"னேன். "அந்த ஒரு சீனுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். பேரு கெட்டுடும்னு எல்லாரும் தடுத்தாங்க"ன்னாங்க.

மொதலாளிக்கு வாய் சும்மா இருக்காது, "இவன் உங்களை மாதிரியே பேசுவாம்மா"ன்னு மாட்டி விட்டுட்டார். என் வாய் நிக்குமா? "அப்பா... நான்தான்ப்பா"ன்னு பேசிக் காட்டினேன். பிளாட்பாரத்துல டீ விக்கறவன் கூட நின்னுட்டான். வண்டி ஊதுச்சு. அந்தம்மா ஜன்னல் வழியா என்னையே பாத்துக்கிட்டு சொன்னாங்க: "நீ பேசறதுல நடிப்பு கம்மியா இருக்கு. முன்னாடியே கேட்டிருந்தா நானும் கொறைச்சிருப்பேன்."

துண்டுதான் தப்பு

கொஞ்ச நாள்ல ஊர்ப் பெரியவங்க திரண்டு வந்துட்டாங்க. ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு வக்கீல் ஐயங்கார், பெரிய கடைவீதியிலேர்ந்து ஒரு ஜவுளிக்காரர், பாலக்கரையிலேர்ந்து ஒரு சர்ச் ஸ்கூல் வாத்தியார். கோயிலும் கடையும் சர்ச்சும் ஒரே பெஞ்சுல உக்காந்து காப்பி சாப்பிட்டதை அன்னைக்குத்தான் பாத்தேன். படத்தை நிறுத்தணும்ங்கறாங்க. "பாத்தீங்களா?"ன்னு மொதலாளி கேட்டார். "சிவ சிவா"ன்னார் ஜவுளிக்காரர். "அபசாரம், அதை வேற பாக்கறதா!"ன்னார் வக்கீல். பாக்காத படத்துல எதைத் தப்புன்னு சொல்றது? உடனே என்னைக் கூப்பிட்டாங்க. மூணு பேருக்கும் முன்னாடி முழுப் படத்தையும் நான் பேசிக் காட்டினேன். சிகரெட் அட்டையில வாத்தியார் தலை குனிஞ்சார். விஷத்துல ஜவுளிக்காரர் காப்பியை வச்சுட்டார். வக்கீல் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு "மேலே... மேலே"ன்னு கச்சேரி கேக்கற மாதிரி கேட்டார்.

முடிஞ்சதும் மூணு பேரும் கூடிப் பேசினாங்க. படம் ஓடலாம், ஒரே ஒரு எடத்தை வெட்டினாப் போதும்னாங்க. விஷம்தான்னு நான் நெனச்சேன், மொதலாளியும் அப்படித்தான் நெனச்சார். வக்கீல் கண்ணைத் தொறந்தார். கண்ணு செவந்திருந்துச்சு. அழுத மாதிரிதான் எனக்குத் தோணுச்சு. ஆனா சொன்னது இது: "விஷத்தை விடும், அது புராணத்திலேயே இருக்கு. அப்பேர்ப்பட்டவளுக்குத் தகப்பனார் கதவைத் திறந்து தலை துவட்டறார் பாரும், அதை எங்காத்துப் பொண்கள் பாக்கப்படாது."

பூட்டின பீரோ

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆட்டம் முடிஞ்ச கையோட காதர் பாய் வெட்டினார். மழையில அவ கதவுகிட்ட வர்றா, கூப்பிடறா, தட்டக் கையைத் தூக்கறா, வணக்கம். அவ்வளவுதான். வெட்டினதை சாதாரணமா ஒரு தகர டப்பாவுல போட்டு வைப்பார், படப் பெட்டி கம்பெனிக்குத் திரும்பிப் போறப்போ மறுபடி ஒட்டணும்ல. ஆனா பெரியவங்களுக்குக் குடுத்த வாக்குன்னு மொதலாளி அந்த டப்பாவைத் தன் வீட்டு பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு மெட்ராஸ் ரயில் ஏறிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தனபாக்கியம் அம்மா வருது. மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். பின்னாடியே புருஷன். ஒசரமான ஆளு, கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை, தோள்ல துண்டு. வாழைக்கறை கையோட எங்கிட்ட ரெண்டு டிக்கெட்டை நீட்டினார். நான் அதைக் கிழிக்கலை. சவரியம்மா பக்கம் ஓடிப்போய், "அக்கா, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுங்க. சீனை வெட்டிட்டாங்க"ன்னேன். சவரியம்மா அந்தம்மா காதுல சொன்னாங்க. மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. வசந்தா ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கு. அந்தம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிச்சு. "வந்தது வந்தாச்சு. இன்னொரு தரம் இந்த மனுஷனை இங்க இழுத்துட்டு வர என் ஒடம்புல தெம்பு இல்லை."

பேசாத அப்பா

படம் விட்டாச்சு. ஆம்பளைங்க வழக்கம்போலக் கூச்சல் போட்டுக்கிட்டு வெளிய வர்றாங்க. "நல்லா வேணும் அவளுக்கு"ன்னு ஒருத்தன் போஸ்டர் மேல துப்பிட்டுப் போறான். கடைசியில லால்குடிக்காரர் வந்தார். தட்டி ஓரமா, பொஞ்சாதிக்காகக் காத்துக்கிட்டு நின்னார். அப்புறம் எங்கிட்ட வந்து, "தம்பி, அவ்வளவுதானா? கதவைத் தட்டப் போச்சு அந்தப் பொண்ணு. அதுக்குள்ள வணக்கம் போட்டுட்டீங்களே. உள்ள யாரு இருந்தாங்க? தொறந்தாங்களா?"ன்னு கேட்டார்.

ரீல் அறுந்தா பேசறவன் நான். பேசினேன். அந்த வாசல்லயே நின்னு, மழையில நனைஞ்சவ மாதிரி ஒடம்பைக் குறுக்கிக்கிட்டு, "அப்பா... நான்தான்ப்பா"ன்னேன். நடிகையம்மா ஜங்ஷன்ல சொன்ன மாதிரி நடிப்பைக் கொறைச்சே பேசினேன். சோடாக் கடையில நின்னவங்க மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. அப்பாவுக்கு வசனமே கெடையாது, அதனால அவரை நான் பேசலை. கதவைத் தொறந்தேன், தோள்ல இருந்த என் துண்டை எடுத்தேன், காத்துல ஒரு தலையைத் துவட்டினேன். குரல் இல்லாம நான் செஞ்ச ஒரே வேஷம் அதுதான். சத்தமாத்தான் பேசினேன், தட்டிக்கு அந்தப் பக்கம் கேக்கணும்னு. எந்த நிமிஷமும் தனபாக்கியம் அம்மா பொண்ணைக் கூட்டிட்டு வந்துடும்னு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தேன்.

லால்குடிக்காரர் என் கையைப் பிடிச்சு சோடாக் கடைக்கு இந்தப் பக்கமா ஒதுக்கிட்டுப் போனார். மண்டியில வெலை சொல்ற மாதிரி மெதுவாச் சொன்னார்: "அந்தப் பொண்ணு வந்துச்சு, கூப்பிட்டுச்சு. எனக்கும் ஒண்ணு இருக்கு, வரலை. அது போனதிலேர்ந்து ராத்திரி நான் தாப்பா போடறதில்லை தம்பி. வந்து தள்ளினாப் போதும், தொறந்துக்கும். வீட்டுல பொம்பளைக்குக் கூடத் தெரியாது, நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

பக்கத்து எடம்

அவரை அப்படியே விட்டுட்டுத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஓடினேன். "அக்கா, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்!" பெஞ்சுல தனபாக்கியம் அம்மா மட்டும் உக்காந்திருக்கு. பக்கத்து எடம் காலி. மழையில அவ கையைத் தூக்கினதுமே வணக்கம் விழுந்துச்சாம். ஊர்ப் பெரியவங்க வெட்டச் சொன்னதை ஆத்தா சொன்னதும், லைட்டு போடறதுக்குள்ள வசந்தா எழுந்து சந்து வழியாப் போயிடுச்சாம். தொரத்திக்கிட்டு ஓடின சவரியம்மா மூச்சு வாங்கத் திரும்பி வந்தாங்க. "என்னக்கா சொல்லுச்சு?"ன்னேன். அவங்க வெத்தலையைத் துப்பிட்டு, அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே சொன்னாங்க: "'சினிமாவுல கூட எங்களை மாதிரி ஒருத்தியை வீட்டுக்குள்ள விட ஊர் ஒத்துக்கலை. எங்கப்பா மட்டும் வேற ஊர்க்காரரா அத்தை? நான் அவருக்கு அந்தச் சங்கடத்தைக் குடுக்க மாட்டேன்.'"

தாப்பா

புருஷன் கூப்பிட்டார், அந்தம்மா எழுந்து போச்சு. டவுன் ஸ்டேஷனுக்கு ஜட்கா ஏறினாங்க. அவரை வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல? மறுநாள் காலையில சவரியம்மா அந்த ரூமுக்குப் போனாங்க. பூட்டு தொங்குது. ஆஸ்பத்திரியில கேட்டா, யாரோ ஒரு குடும்பத்தோட கொழந்தை பாத்துக்கற வேலைக்கு வடக்க போயிடுச்சுன்னாங்க. எந்த ஊருன்னு ஒருத்தருக்கும் தெரியலை. அந்த வாரமே படத்தையும் எடுத்துட்டாங்க. ஒரு சாமி படம் போட்டோம். போஸ்டர்ல பழையபடி குங்குமம் ஏறிடுச்சு.

அடுத்த செவ்வாய்க்கிழமை தனபாக்கியம் அம்மா வந்துச்சு. டிக்கெட் வாங்கலை. சவரியம்மா பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து, வசந்தா போன சேதியைக் கேட்டுச்சு. அழுவும்னு நெனச்சேன், அழலை. "போகட்டும். இங்க இருந்து மட்டும் என்ன, அவரு சேத்துக்கவா போறாரு"ன்னுச்சு. எனக்குத் தாங்கலை. சொல்லாதேன்னு அவர் சொன்னதைச் சொல்லிட்டேன். "தப்பா நெனச்சுட்டீங்கம்மா. பொண்ணு வரும்னுதான் அவர் ராத்திரி தாப்பாவே போடறதில்லையாம். எங்கிட்டச் சொன்னார்"னேன்.

அந்தம்மா என்னை நிமிந்து பாத்துச்சு. நான் வழக்கம்போல யார் குரல்லயோ கிண்டல் பண்றேன்னு நெனச்சிருக்கணும். இல்லைன்னு புரிஞ்சதும் வாயைப் பொத்திக்கிச்சு. சவரியம்மா முதுகைத் தடவினாங்க. உள்ள சாமி படத்துக்கு மணி அடிச்சுது, ஜனங்க எங்களை இடிச்சுக்கிட்டு உள்ள போறாங்க. அந்தச் சத்தத்துல, பக்கத்துல இருக்கற எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லுச்சு: "தெனம் மறந்துட்டுப் படுத்துடறாரே இந்த மனுஷன், நாய் உள்ள வந்துடுமேன்னு, அவர் தூங்கினப்புறம் நான்தானப்பா எழுந்து போய் தாப்பா போட்டுட்டு வருவேன்."

காதர் பாய்கிட்ட அறுந்ததை ஒட்டறதுக்குன்னே ஒரு பசைப் புட்டி இருக்கு, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, அது பிலிமுக்கு மட்டும்தான்னு புட்டி மேலயே எழுதியிருக்கறதா பாய்தான் படிச்சுச் சொன்னார்.